மாதிரி கொடுப்பவர்களும் கட்டுரை எழுதுபவர்களும்



இலக்கிய மேடையில் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள். கவிதை, சிறுகதை, தன்வரலாறு என்று பேசிப் பழகிய அரங்கு இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் யாருடைய பெயரில் இந்தப் பொழிவை ஆண்டுதோறும் நடத்துகிறோமோ, அவர் நமக்கு என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். கதை எழுத அவர் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. எழுதிக்கொண்டு போனதைப் படித்தார். கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம், திரும்பி வந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று சொன்னார். நம் வீடுகளில் யாருக்கும் தெரிந்திராத விஷயங்களை வெளியிலிருந்து ஒருவர் சொன்னார்.

ஆராய்ச்சி உலகத்தில் இதற்கு 'மென்டரிங்' என்று பெயர். பிஎச்.டி. படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒதுக்கிக் கொடுக்கும் ஆள் 'கைடு'. கைடாக இருப்பவர் எல்லோரும் மென்டராக இருப்பதில்லை. இன்றைக்கு நாம் பேசப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றித்தான்.

அண்ணலிடமிருந்தே தொடங்கலாம். 1923இல் அவருடைய ரூபாய் பற்றிய ஆய்வு லண்டனில் நூலாக வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன். அந்த முன்னுரையிலேயே, இந்த மாணவரின் வாதங்கள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை என்று கேனன் எழுதினார். உடன்பாடில்லாமலேயே முன்னுரை கொடுத்தார். 1925இல் மாகாண நிதி பற்றிய நூலுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செலிக்மன் முன்னுரை எழுதினார். அம்பேத்கரின் அறிவு அவர்கள் போட்ட பிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாறுபட்டு எழுதும் மாணவனை அடித்து நொறுக்காமல், தன் பெயரை அவன் நூலோடு சேர்த்துக் கொடுக்கும் ஆசிரியர் அவருக்குக் கடல் கடந்த பிறகே கிடைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் 14 லட்சம் பேர். கருப்பைவாய்ப் புற்றுநோய் மட்டும் 1.27 லட்சம் பெண்களுக்கு வந்தது. அதனால் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். உலகம் முழுவதும் கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேரும் மரணங்களில் 94 சதவீதம் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடக்கிறது. முன்கூட்டிப் பார்த்துவிட்டால் தடுத்துவிடக்கூடிய நோய் இது. சாகிறவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று இந்த அவையில் யாரும் விளக்க வேண்டியதில்லை. புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகளை எடுத்துப் பார்த்திருக்கிறோம். வயதுக்கு ஓர் அட்டவணை, பாலினத்துக்கு ஒன்று, உறுப்புக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று இருக்கும். சாதிக்கு ஓர் அட்டவணையை நாம் பார்த்ததில்லை. அப்படி ஓர் அட்டவணை வேண்டும் என்று கேட்கும் ஆய்வாளர் அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் அது வரும்.

நம் நாட்டுக் கதைக்கு முன்னால் உகாண்டாவுக்குப் போய்வருவோம். 1950களின் இறுதியில் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வீங்கி வளரும் ஒரு கட்டியைக் கவனித்து 1958இல் எழுதினார். 1961இல் லண்டனில் அவர் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டீன், கட்டியின் மாதிரிகளை விமானத்தில் வரவழைத்துக்கொண்டார். 1964இல் அதிலிருந்து ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வைரஸ் அது. மருத்துவ வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பு, மறுப்பதற்கில்லை. அந்த நோய்க்குப் பர்கிட் பெயர், வைரஸுக்கு எப்ஸ்டீன் பெயர். கட்டியைக் கொடுத்த குழந்தைகள் கம்பாலாவில்.

அதே ஊரில் 1967இல் உகாண்டா புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. இடி அமீன் ஆட்சியில் வெளிநாட்டு மருத்துவர்கள் கிளம்பிப் போனபோது, சார்லஸ் ஒல்வேனி என்ற உகாண்டா மருத்துவர் அதைத் தாங்கிப் பிடித்தார். பிறகு நீண்ட வறட்சி. 2004இல் அந்த நாட்டுக்கே ஒரே ஒரு புற்றுநோய் மருத்துவர்தான் இருந்தார்: ஜாக்சன் ஓரம். அந்த நேரத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள பிரெட் ஹட்சின்சன் ஆய்வு மையத்தோடு ஒரு கூட்டு ஏற்பட்டது. மாதிரியை மட்டும் அனுப்பினால் மறுபடியும் 1961தான். இந்த முறை உகாண்டா மருத்துவர்கள் சியாட்டில் போய்ப் பயிற்சி பெற்று ஊர் திரும்பினார்கள். 2015இல் கம்பாலாவிலேயே சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் பயிற்சிக்குமாகச் சேர்த்து ஒரு கட்டடம் எழும்பியது. வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றினார் என்ற கதையாக இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒல்வேனியும் ஓரமும் விளக்கை அணையாமல் வைத்திருந்ததால்தான் கூட்டுச் சேர அங்கே ஓர் இடம் இருந்தது. ஆனாலும், மாதிரி எடுத்துப்போவதற்கும் ஆளை வளர்த்து அனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியாது.

நம் மண்ணில் திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. கிராமத்துச் செவிலியரின் கையால் இது முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் திண்டுக்கல். அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த குழுவின் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை இல்லை. வழக்கமான கவனிப்பு மட்டும். திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து இப்படிப் பரிசோதிக்கப்படாத பெண்களில் 254 பேராவது கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள் என்ற விமர்சனம் 2014இல் எழுந்தது. அன்றைக்கு இந்தியாவில் அப்படி ஒரு பரிசோதனைத் திட்டமே நடைமுறையில் இல்லை, அதனால் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். இரண்டு பக்கத்தையும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆய்வின் வரைவு மேசையில் இருந்தபோது, ஒப்பீட்டுக் குழுவில் தன் அத்தையோ சின்னம்மாவோ இருக்கக்கூடிய ஓர் ஆள் அந்த அறையில் இருந்தாரா?

கம்மம் கதை இன்னும் கசப்பானது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசி ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. ஊசி போடப்பட்ட 10 முதல் 14 வயதுச் சிறுமிகளில் பழங்குடிப் பிள்ளைகள் ஏராளம். விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் திட்டத்தின் காலத்தில் நேர்ந்த சிறுமிகளின் மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் தடுப்பூசி உயிர் காப்பது. நம் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். ஊசியின்மேல் நமக்குக் கோபமில்லை. அம்மாவிடம் கேட்காமல் வார்டனிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கவைத்த மனசின்மேல்தான் கோபம்.

அந்த மனசு மாற வேண்டுமானால் அறைக்குள் நம் பிள்ளைகள் போக வேண்டும். இடஒதுக்கீட்டால் வாசல்வரை போயிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது?

சேலம் மாவட்டத்திலிருந்து பன்னியாண்டி சமூகத்துப் பிள்ளை ஒருவர் ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் பிஎச்.டி. படிக்கப் போனார். செந்தில்குமார். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்டு ஆண்டு கழித்து அதே வளாகத்தில் இறந்த ரோகித் வெமுலாவை நாடே அறியும். செந்தில்குமாரின் பெயர் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு முந்தைய ஆண்டுதான், 2007இல், தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றித் தோரட் குழு அறிக்கை கொடுத்திருந்தது. ஆசிரியர்கள் தங்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மாணவர்கள் சொன்னதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதை எந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுப்பது?

எங்கள் வட்டத்துக்கு வந்த ஒரு மாணவியைச் சொல்கிறோம். பெயரும் நிறுவனமும் வேண்டாம். அப்பா தூய்மைப் பணியாளர். வாய்ப்புற்றுநோயில் ஆய்வு செய்ய வந்தவர். புகையிலை, பாக்கு போடுகிறவர்களிடம் எச்சில் மாதிரியும் தகவலும் திரட்ட வேண்டும். 'நீ போனா உங்க ஆளுங்க குடுப்பாங்கம்மா' என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். வெயிலில் குடிசைப் பகுதிகளில் ஏறி இறங்கி அவரும் திரட்டிக் கொடுத்தார். கட்டுரை எழுதும் வேலை மட்டும் வேறொருவருக்குப் போனது. வெளிநாட்டு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் எது என்பது ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வீட்டுச் சாப்பாட்டில் பேசப்பட்டது. அந்தச் சாப்பாட்டுக்கு அவருக்கு அழைப்பில்லை. கட்டுரை அச்சானபோது அவர் பெயர் நன்றியுரையில் இருந்தது. 'ஆய்வாளர்' வரிசையில் இல்லை.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதி அது. தரவு திரட்டியது மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், பொறுப்பேற்க வேண்டும். 'அவள் எழுதவில்லையே' என்று இதைக் காட்டித்தான் வெளியே தள்ளுகிறார்கள். ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: தரவு திரட்டியவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும், வாய்ப்பை மறுத்துவிட்டு, தகுதியில்லை என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது வரியை அந்த மாணவிக்கு எந்தக் கைடும் சொல்லவில்லை. எங்கள் வட்டத்தில் ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார். அடுத்த கட்டுரையில், வேலை தொடங்கும் முன்பே பெயர் வரிசையை எழுத்தில் கேட்டு வாங்கினார் அந்தப் பெண். இரண்டாவது பெயராக வந்திருக்கிறார். முதலாவதாக வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் அறிவைப் பற்றி இன்னும் கொஞ்சம். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 12 படுக்கைகளோடு பிறந்தது. 1955இல் அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். ஏழைகளுக்கு அவர் செய்ததை நம் சனங்கள் மறக்க மாட்டார்கள். அவருக்கு சி.வி. ராமன் தாத்தா முறை. இன்னொரு நோபல் அறிஞர் சந்திரசேகர் மாமா முறை. அவருடைய உழைப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. விஞ்ஞானம் என்பது மனிதர்கள் செய்யக்கூடிய வேலை என்று ஒரு குழந்தைக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்தே தெரிந்துவிடுகிற வீடு அது. நம் பிள்ளைகளுக்கு அதை அறிமுகமில்லாத ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அவர் சொல்ல மறுத்தால், அங்கேயே கதவு மூடிவிடும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, நம் பேராசிரியர்கள் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. நமக்கு இதில் பாதிதான் சம்மதம். ஒரு துறைக்கு ஒருவராக இருக்கும் தலித் பேராசிரியரின் தலையில் வளாகத்து மாணவர் அத்தனை பேரையும் கட்டிவிட்டு, மற்றவர்கள் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். அவருடைய சொந்த ஆய்வு எப்போது நடக்கும்? சாதியை மறைத்துக்கொண்டு, நம் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கிப்போகும் சீனியர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் நமக்குப் புரியாமலில்லை. ஆனால் அரசுச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு கைடுக்கும் இது வேலை. ஒருவர் கையெழுத்தை நம்பி மாத உதவித்தொகை நிற்கக் கூடாது. வேறு நிறுவனத்திலிருந்து இரண்டாவது வழிகாட்டி ஒருவர் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கைடை மாற்றக் கேட்பது குற்றமாகக் கூடாது. 2012இலேயே பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவ விதிகள் கொண்டுவந்தது; பல வளாகங்களில் அது பெயர்ப் பலகையாகத் தொங்குகிறது. இனியாவது அங்கே உட்கார ஆள் வேண்டும்.

வெளிநாட்டு அமைப்புகள் இணையவழியில் வழிகாட்டிகளைக் கொடுக்கின்றன. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேச்சு. நல்லதுதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் சாவி யார் கையில் இருக்கிறது, மாதிரி வைக்கும் குளிர்பெட்டியில் நமக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பது லண்டனில் இருப்பவருக்குப் புரியாது. அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஆய்வுகளில் நோயாளியிடம் கொடுக்கும் தமிழ் ஒப்புதல் படிவத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டதுபோல் இருக்கும். பதினைந்து வரிக்கு ஒரு வாக்கியம். படித்த நமக்கே விளங்காத ஒன்றில் ஒரு கூலிப் பெண் கைநாட்டு வைக்கிறார். நம் அம்மாக்களின் பேச்சில் கதை எழுதிய கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அந்தப் படிவத்தை அவர்களால் எழுத முடியும். ஆய்வு மாணவர்கள் மூன்று பேர் தங்கள் படிவங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் நேரத்தில் அவர்களைப் பாருங்கள். ஒரு படிவத்துக்கு இரண்டு எழுத்தாளர்கள் போதும். பெயர் கொடுப்பவர்கள், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை வாசகர் வட்டம் கூடும் அதே இடத்துக்கு, ஒரு சிவப்புப் பேனாவோடு வரவும்.