நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்

பாபநாசம்னு சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்குக் கமல் படம் ஞாபகம் வரும். மீதிப் பேர் கும்பகோணம் பக்கத்துல இருக்கிற ஊரான்னு கேப்பீங்க. நான் சொல்றது தாமிரபரணி மலையை விட்டுக் கீழே இறங்குற பாபநாசம். அங்கேர்ந்து காரையாறு அணைப் பக்கம் ஏறினா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அதுக்குள்ள மயிலாறு, இஞ்சிக்குழின்னு காணி மக்களோட குடியிருப்புகள் இருக்கு. அகத்தியமலைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலும் இதே சமூகம் வாழுது. இன்னைக்குக் கதை அந்தப் பக்கத்துல ஆரம்பிக்குது.

ஆராய்ச்சிக்கூடமும் கம்பெனியும் கைகோர்த்தா பொருளாதாரம் வளரும்னு காலேஜ் கருத்தரங்குகள்ல கேட்டிருப்பீங்க. எம்ஓயூ, பொன்னாடை, குரூப் போட்டோ. பணம் யார் கைக்கு எவ்வளவு போகுதுன்னு எனக்கு யாரும் போர்டுல எழுதிக் காட்டினதில்லை. இந்தக் கதையில அந்தக் கணக்கு இருக்கு.

1987-ல் விஞ்ஞானி புஷ்பாங்கதன் தலைமையில ஒரு குழு அகத்தியமலைக் காட்டுக்குள்ள போகுது. ஏறி ஏறி எல்லாருக்கும் மூச்சு வாங்குது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ சின்னக் காயை மென்னுக்கிட்டே சாதாரணமா நடக்கிறாங்க. என்னன்னு கேட்டா சொல்லத் தயக்கம், வெளியாளுக்குச் சொல்லக்கூடாத விஷயம். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை.

ஆய்வகத்துல பார்த்தா இலையிலயும் சத்து இருக்கு. திருவனந்தபுரம் பக்கத்துல பாலோட்டில் இருக்கிற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், அந்த இலையோட அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி'ன்னு ஒரு மருந்து உருவாக்குச்சு. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு ஏழு வருஷத்துக்கு உற்பத்தி உரிமை. கட்டணம் 10 லட்சம், விற்பனையில 2 சதவீதம் ராயல்டி. இதுல பாதியைக் காணி மக்களுக்குத் தர்றதா நிறுவனம் முடிவு பண்ணுச்சு. அப்போ இந்தியாவுல இப்படிப் பங்கு கொடுக்கணும்னு சட்டமே கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-லதான். உலகம் முழுக்க இதை முன்மாதிரின்னு பேசினாங்க, அதுல நியாயமும் இருக்கு.

ஆனா கணக்கைப் போடுங்க. கம்பெனி 100 ரூபாய்க்கு வித்தா ராயல்டி 2 ரூபாய். அதுல காணி மக்களுக்கு 1 ரூபாய். அதை வாங்கிக்க ஓர் அமைப்பு வேணும்ல? அறக்கட்டளை பதிவானது 1997-ல். பணம் கைமாறினது 1999-ல், 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. செடியைக் காட்டினதுக்கும் பணம் வந்ததுக்கும் நடுவுல பன்னிரண்டு வருஷம்.

எனக்கு உறுத்துறது சதவீதம் இல்லை. ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இடையில. காணி மக்கள் அதுல கையெழுத்துப் போட்ட தரப்பே இல்லை. 'பிலாத்தி'ன்னு சொல்ற அவங்க வைத்தியர்கள்ல சிலர், எங்க அறிவைத் தனியாருக்கு விக்காதீங்கன்னு அப்பவே எதிர்த்தாங்க. ஓப்பன் சோர்ஸ்ல கூட லைசன்ஸ் என்னன்னு எழுதினவன்தானே முடிவு பண்றான்?

அடுத்த சிக்கல் இலை. காட்டு நிழல்ல வளர்ற செடி அது. காணி குடும்பங்கள் வளர்த்து இலையை வித்தா ராயல்டியை விட நல்ல வருமானம். ஆனா காடே அழிஞ்சிரும்னு வனத்துறை தடுத்துச்சு. அந்தப் பயமும் பொய்யில்லை. விளைவு, மருந்துக்குச் சந்தை இருந்தும் இலை போதலை. ஆய்வகம், கம்பெனி ரெண்டும் பேசி முடிச்ச மேசைக்கு வனத்துறையை ஆரம்பத்துலயே கூப்பிட்டிருக்கணும். நம்ம ஆபீஸ்ல ரிலீஸுக்கு முந்தின நாள் செக்யூரிட்டி டீம்கிட்ட போய் நிக்கிறோமே, அதே கதைதான்.

இப்போ மலைக்கு இந்தப் பக்கம் வாங்க. அந்த அறக்கட்டளையோட பேர்லயே 'கேரள காணி'ன்னு இருக்கு. காரையாறுல இருக்கிற காணி குடும்பங்கள் அந்த ஒரு ரூபாய்க் கணக்குல வரவே இல்லை. 2023-ல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, நூல்ல பதிவான மரபு அறிவைப் பயன்படுத்தினா பங்கு தர வேண்டாம்னு விலக்கு கொடுத்தாச்சு. காணி மக்களோட அறிவு வாய்மொழியா இருக்கிறது, அதனால அது இன்னும் சட்டத்துக்குள்ளதான். ஆனா யாராவது போய் அதைப் பதிவு பண்ணி நூலாக்கிட்டா? நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகள்ல தாவரவியல் ஆராய்ச்சி பண்றவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, காரையாறு போறப்போ உங்க ஒப்புதல் படிவத்துல இதுக்கு என்ன எழுதியிருக்குன்னு எனக்கு அனுப்புங்க.