கொரோனாவும் பரிசோதனைச் சீட்டும்



நம் ஆரியசாலையில் நிறையப் பேர் சாலை பஜாரில் வேலை பார்க்கிறவர்கள். கடை வைத்திருப்பவர்கள் உண்டு. சுமை தூக்குபவர்கள் உண்டு. எடை, அளவு, விலை எல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓர் எண்ணைக் கண்டால் கை நடுங்குகிறது. ஏன்? அந்த எண் என்ன சொல்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

2020-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தியாவில் கொரோனா நோய் முதன்முதலில் நம் கேரளத்தில்தான் தெரிய வந்தது. அது 2020 ஜனவரி 30. சீனாவின் வூகான் நகரிலிருந்து திரும்பிய ஒரு மாணவிக்குத் திருச்சூரில் நோய் உறுதியானது. ஜூலை 6-ஆம் தேதி நம் திருவனந்தபுரம் நகரில் மூன்று மடங்கு ஊரடங்கு வந்தது. பஜார் அடைத்துக் கிடந்தது. ஜூலை 17-ஆம் தேதி, பூந்துறையிலும் புல்லுவிளையிலும் நோய் சமூகத்தில் பரவிவிட்டது என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார்.

அடுத்த ஆண்டு, 2021 மே மாதம், இரண்டாவது அலை. அப்போது எங்கள் தெருவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஓர் அண்ணாச்சிக்கு லேசான காய்ச்சல். சோதித்ததில் கொரோனா என்று வந்தது. டாக்டர் கேட்காமலேயே அவர் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டார். சீட்டில் '25-க்கு 8' என்று இருந்தது. அவர் அதைப் பரீட்சை மார்க் போல நினைத்துவிட்டார். "நான் பெயில். இனிப் பிழைக்க மாட்டேன்" என்று அழுதார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அவர் விரலில் ஆக்சிஜன் மீட்டர் வைத்தால் 97 காட்டியது. மூச்சும் சீராக இருந்தது. பத்து நாளில் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அதே தெருவில் ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல். சர்க்கரை நோயும் உண்டு. காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் மூச்சு வேகமாக வாங்கியது. இரத்தம் கொடுத்திருந்தார்கள். "ரிப்போர்ட் வரட்டும், பார்த்துக்கொண்டு போகலாம்" என்று வீட்டில் காத்திருந்தார்கள். ஒரு நாள் போயிற்று. இன்னொரு இரவும் போயிற்று. காலையில் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் உயிர் போய்விட்டது.

ஒருவர் எண்ணைப் பார்த்துப் பயந்தார். இன்னொருவர் எண் வரட்டும் என்று காத்திருந்தார். இந்த இரண்டு தவறும் இனி நம் தெருவில் நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இரத்தம் என்ன சொல்கிறது?

நமக்குக் கொரோனா இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் சோதனை. இரத்தப் பரிசோதனை அதற்கு அல்ல. நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது, எவ்வளவு கவனம் தேவை என்று டாக்டர் அறிவதற்கு அது உதவுகிறது.

முதலாவது சி.ஆர்.பி. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் இந்தப் பொருளை நிறைய உண்டாக்கும். இது கூடினால் உள்ளே எரிச்சல் அதிகம் என்று பொருள். ஆனால் பெரிய கட்டி வந்தாலும், வேறு காய்ச்சல் வந்தாலும் இது கூடும்.

இரண்டாவது டி-டைமர். இரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் கட்டி கரையும்போது வரும் துணுக்கு இது. கொரோனாவில் சிலருக்கு இரத்தக் குழாயில் கட்டி உண்டாயிற்று. அதனால் இதைப் பார்த்தார்கள். வூகானில் 191 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 54 பேர் இறந்துபோனார்கள். சேர்ந்த அன்றே டி-டைமர் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2020 மார்ச்சில் எழுதினார்கள். ஆனால் கர்ப்பிணிக்கும், வயதானவருக்கும், ஆபரேஷன் ஆனவருக்கும் இது கூடுதலாக இருக்கலாம்.

மூன்றாவது லிம்போசைட். இது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமியோடு சண்டை போடுவது. கடுமையான கொரோனாவில் இது குறைந்துபோகும்.

யூரியாவும் கிரியேட்டினினும் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும். டிரோபோனின் கூடினால் இதயத் தசைக்குக் காயம் உண்டா என்று டாக்டர் பார்ப்பார்.

சீட்டை எப்படிப் படிப்பது?

சீட்டில் முதலில் பரிசோதனையின் பெயர் இருக்கும். அடுத்து உங்கள் அளவு. அதற்குப் பக்கத்தில் வழக்கமான அளவு. உங்கள் அளவை அந்தச் சீட்டில் உள்ள வழக்கமான அளவோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சீட்டோடு ஒப்பிடாதீர்கள். ஏன் தெரியுமா?

அரைக் கிலோ வெங்காயம் என்றாலும் 500 கிராம் வெங்காயம் என்றாலும் ஒன்றுதானே? டி-டைமரும் அப்படித்தான். ஒரு லேபில் 0.5 மைக்ரோகிராம் என்று எழுதுவார்கள். இன்னொரு லேபில் 500 நானோகிராம் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே அளவு. இது தெரியாமல் 500-ஐப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஆகவே பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். டாக்டரிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

படம் என்ன சொல்கிறது?

நம் நுரையீரல் வலப்பக்கம் 3 மடலாகவும் இடப்பக்கம் 2 மடலாகவும் இருக்கிறது. ஆக 5 மடல்கள். சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு மடலும் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை எண் போடுவார்கள். கூட்டினால் 25. இங்கே எண் கூடினால் பாதிப்பு கூடுதல். குறைந்தால் நல்லது. அண்ணாச்சியின் 8 சிறிய எண்தான்.

நோய்க்குறி இல்லாதவர்களுக்கும் படத்தில் திட்டுகள் தெரியலாம். அவை தாமாகவே மறைந்துவிடும். நோய் வந்த முதல் நாட்களில் படம் சுத்தமாகவும் இருக்கலாம். லேசான நோய்க்கு சி.டி. ஸ்கேன் வேண்டாம் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா 2021 மே 3-ஆம் தேதி நாட்டு மக்களுக்குச் சொன்னார். காசும் வீண், கதிர்வீச்சும் உடம்பில் ஏறும்.

ஊசி இல்லாத பரிசோதனை

பிரிட்டனில் 2020-இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பல ஆயிரம் பேரின் விவரங்களைச் சேர்த்து ஒரு கணக்கு உண்டாக்கினார்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லும் கணக்கு அது. அதில் 8 விவரங்கள். வயது, ஆணா பெண்ணா, வேறு நோய்கள் எத்தனை, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு, யூரியா, சி.ஆர்.பி.

இதைக் கவனியுங்கள். இரத்தம் எடுக்க வேண்டியது இரண்டுக்கு மட்டும். மீதி 6 விவரங்களும் நாமே வீட்டில் பார்க்கக்கூடியவை. ஸ்கேன் அதில் இல்லவே இல்லை.

மூச்சை எண்ணுவது எளிது. நோயாளியை அமைதியாக உட்கார வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 24 அல்லது அதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 30-க்கு மேல் என்றால் கடுமையான நிலை.

விரல் மீட்டரை ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு வையுங்கள். நகச்சாயம், மருதாணி இல்லாத விரலில் வையுங்கள். 94-க்குக் கீழே போனால் வீட்டில் இருக்கக் கூடாது. கறுத்த தோலில் சில மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன என்று 2020-இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஆகவே மீட்டர் 95 காட்டினாலும், மூச்சு முட்டினால் போய்விடுங்கள்.

எண்ணைப் பார்த்து மருந்து வாங்கலாமா?

கூடவே கூடாது. 2020 ஜூன் 16-ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்து, ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் சாவைக் குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பயன் தரவில்லை. 2021-இல் பலர் சி.ஆர்.பி. கூடிவிட்டது என்று தாங்களாகவே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கினார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அந்த ஆண்டு கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பர்களே! இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2021 ஜனவரி 16 முதல் நம் நாட்டில் தடுப்பூசி போட்டார்கள். 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்தது. 2020-இல் போட்ட கணக்குகள் இன்று உள்ளதைவிட அதிக ஆபத்தைக் காட்டலாம். ஆனால் கிருமி போய்விடவில்லை. வயதானவர்களும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் இன்றும் கவனமாக இருக்க வேண்டும்.

பரிசோதனை எண் என்பது வானிலை அறிவிப்பு மாதிரி. காற்று பலமாக அடிக்கும் என்று சொன்னால் பூந்துறைக்காரர்கள் வள்ளத்தை இறக்க மாட்டார்கள். எல்லா வள்ளமும் கவிழும் என்பதற்காக அல்ல. முன்கூட்டியே கவனமாக இருப்பதற்காக. எண்ணும் அப்படித்தான். அது தலையெழுத்து அல்ல.

நினைவில் வைப்போம்:

சீட்டில் உள்ள வழக்கமான அளவோடு மட்டும் ஒப்பிடுவோம்.
டாக்டர் சொல்லாமல் ஸ்கேன் எடுக்க மாட்டோம்.
எண்ணைப் பார்த்து நாமே மருந்து வாங்க மாட்டோம்.
மூச்சு வாங்கினால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டோம்.

அந்தப் பெரியவரின் ரிப்போர்ட் மறுநாள் வந்தது. அதை வாங்கிப் படிக்க அந்த வீட்டில் யாருக்கும் மனமில்லை. இனி எந்த வீட்டிலும் சீட்டு வரும்வரை ஆள் காத்திருக்க வேண்டாம். ஆள் முதலில் போகட்டும். சீட்டு பின்னால் வரட்டும்.