வாந்தி நோயும் வளரும் பிள்ளையும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் ஒரு தலைமையாசிரியன் பேச எழுந்தால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ பேசுவான் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ ஒரு நோயைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நம் பிள்ளைகள் இடையிலே படிப்பை விடுவதற்கு வறுமை ஒன்று மட்டுமே காரணம் அன்று. பெயர் தெரியாத நோயும் ஒரு காரணம். அத்தகைய நோய்களுள் ஒன்றைக் குறித்தே இன்று உங்களோடு உரையாட விழைகிறேன்.

மூன்று வயது முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலும் இந்நோய் தலைகாட்டுகிறது. நன்றாக ஓடியாடிய குழந்தை ஒரு நாள் விடியற்காலையில் முகம் வெளுத்து எழுகிறது, வாந்தி எடுக்கிறது. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை எடுக்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லாத நிலையிலும் குமட்டல் நிற்பதில்லை. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறது; பேசவும் மனமின்றிச் சுருண்டு கிடக்கிறது. சில மணி நேரமோ சில நாள்களோ இப்படியே கழிகிறது. பின்னர் விளக்கை அணைத்தாற்போல் நோய் நின்றுவிடுகிறது. குழந்தை கூழ் கேட்டுக் குடிக்கிறது. தெருவில் விளையாடப் போகிறது. சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், அதே நேரத்தில், அதே விதமாக மீண்டும் வருகிறது. சுழன்று சுழன்று வருவதால் மருத்துவர் இதனைச் சுழற்சி வாந்தி நோய் என்பர்.

இடைப்பட்ட நலமான நாள்களே இந்நோயின் பெரிய சூழ்ச்சி. நேற்றுச் செத்துப் பிழைத்த பிள்ளை இன்று சிரித்துக்கொண்டு நிற்பதைக் காணும் ஆசிரியர், பள்ளிக்கு மட்டம் போட நடித்தான் என்கிறார். அண்டை வீட்டார் காற்றுக் கருப்பு என்கின்றனர். தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுசெல் என்பார் ஒருவர். குடலேற்றம், எண்ணெய் தேய்த்து வழித்துவிடு என்பார் மற்றொருவர். இவர்களுள் எவரும் தீய எண்ணம் உடையவர் அல்லர். ஆயினும், நீர் வற்றிக் கிடக்கும் குழந்தைக்கு அந்த அலைச்சலில் கழியும் பொழுது உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. இலண்டன் நகரத்துச் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மருத்துவர் சாமுவேல் கீ என்பார், இவ்வாறு விட்டு விட்டு வாந்தி எடுத்த குழந்தைகளைக் குறித்து 1882-ஆம் ஆண்டிலேயே எழுதினார். மூளைக்கும் குடலுக்கும் இடையே உள்ள நரம்புத் தொடர்பில் ஏற்படும் கோளாறு இது என்றும், ஒற்றைத் தலைவலிக்கு நெருங்கிய உறவுடையது என்றும் இன்றைய மருத்துவம் கருதுகிறது. பலருக்குப் பருவ வயதில் வாந்தி நின்றுவிடுகிறது. அவருள் சிலருக்கு ஒற்றைத் தலைவலி அதன் இடத்தில் வந்து அமர்கிறது. இது தொற்று நோயன்று, செய்வினையும் அன்று.

நான் இவற்றை ஏட்டிலிருந்து மட்டும் எடுத்துரைக்கவில்லை. ஆறாம் வயது தொடங்கிப் பதினைந்தாம் வயது வரை இந்நோயோடு வளர்ந்தவன் நான். அந்நாளில் கிருட்டினகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. தருமபுரி மாவட்டத்திலே இருந்தோம். எனக்கும் தொக்கம் எடுத்தார்கள். கையில் தாயத்துக் கட்டினார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்காள்தான், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் எனக்கு வாந்தி வந்த நாள்களைப் பென்சிலால் சுழித்து வந்தார். ஓராண்டு சென்றபின் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். தெருக்கூத்துப் பார்த்துக் கண்விழித்த இரவுக்கு அடுத்தும், முதல்நாள் இரவு உண்ணாமல் படுத்த நாளுக்கு அடுத்துமே பெரும்பாலான சுழிகள் இருந்தன. அன்று முதல் என் தாயார், களியில் ஓர் உருண்டையேனும் உண்ணாமல் என்னைப் படுக்க விட்டதில்லை. நோய் முற்றும் ஒழியவில்லை. ஆனால் சுழிகள் அருகின. நான் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டினேன். அந்நோயின் பெயரை ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னது என் நாற்பதாம் வயதுக்குப் பின், ஒற்றைத் தலைவலிக்காக அவரிடம் சென்ற நாளில்தான். பெயர் தெரியாமலே நோயின் வழியைக் கண்டறிந்தது, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணின் பென்சில் அல்லவா?

சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞரின் வரலாறும் இங்கு நினைக்கத் தக்கது. அவர் தம் வாழ்நாளில் நெடுங்காலம் வாந்தியாலும் சோர்வாலும் வாடினார். அவருக்கு இருந்தது இந்நோயே எனச் சில மருத்துவர் கருதியுள்ளனர். வேறு கருத்துகளும் உண்டு. 1849 முதல் 1855 வரை தம் உடல்நிலையை நாள்தோறும் ஏட்டில் குறித்து வந்தார் அவர். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1859-இல் வெளிவந்தது. மருத்துவர் கீ எழுதிய அந்த 1882-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். டார்வினுக்குச் செல்வமும் ஓய்வும் பெரிய மாளிகையும் இருந்தன. நம் பிள்ளைக்கு அவை இல்லை. ஆனால் ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் நம்மால் இயலாதவை அல்ல.

நம் எல்லைப் பகுதிக்கு அந்த நோட்டு இன்றியமையாதது என்பேன். ஏன்? தந்தை சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் பாகலூர்ப் பக்கம் மலர்த் தோட்டத்தில் கூலி. குழந்தைக்கு முதல் முறை வாந்தி வந்தபோது ஓசூரில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அடுத்த முறை அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குக் கொண்டு சென்றார்கள். மூன்றாம் முறை பாட்டி வீட்டில் இருந்தபோது கிருட்டினகிரிக்குப் போனார்கள். மூன்று ஊர், மூன்று மருத்துவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழி. ஒவ்வொருவரும் அன்றைய வாந்தியை மட்டுமே கண்டு, உணவு ஒவ்வாமை என்று எழுதி அனுப்பிவிட்டனர். சிதறிக் கிடந்த அந்த நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒரே நோய் என்பதை எவர் எடுத்துக் காட்டுவது? பெற்றோர் கையில் உள்ள நோட்டு ஒன்றே காட்டும்.

அதில் என்ன எழுத வேண்டும்? வாந்தி தொடங்கிய நாள், மணி, நின்ற மணி, எத்தனை முறை. முதல்நாள் உண்ட உணவு, உறங்கிய நேரம். பேருந்துப் பயணம், காய்ச்சல், சளி, திருவிழா, தேர்வு ஆகியவை இருந்தனவா. குடும்பத்தில் எவருக்கேனும் ஒற்றைத் தலைவலி உண்டா. கொடுத்த மருந்தின் பெயர். இவ்வளவே. எழுதத் தெரியாத பெற்றோருக்குத் தெருவிலுள்ள மாணவர் எழுதித் தருக. இதனினும் பெரிய தொண்டு ஓர் இளைஞனுக்கு வேறென்ன உண்டு?

நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்தார் வள்ளுவர். வாந்தி வந்த நாளில் குழந்தையை அமைதியான, வெளிச்சம் குறைந்த இடத்தில் படுக்க வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, ஒரு நிமிடத்திற்கு ஒரு கரண்டியாகப் புகட்டுங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே பல உயிர்களைக் காத்தார். நீரும் நிற்கவில்லையெனில் மருத்துவமனைக்கு விரையுங்கள். அடிக்கடி வருவோர்க்கு, வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றை மருத்துவரே அளக்க வேண்டும், கடைக்காரர் அல்ல.

ஓர் எச்சரிக்கை. மீண்டும் வரும் வாந்தியெல்லாம் இந்நோய் ஆகிவிடாது. குடல் முறுக்கு, சிறுநீரக அடைப்பு, மூளைக் கட்டி ஆகியவையும் இவ்வாறு தோன்றலாம். பச்சை நிறமாகவோ இரத்தத்தோடோ வாந்தி வந்தாலும், வயிறு கல்லாக இறுகினாலும், கடும் தலைவலி இருந்தாலும், குழந்தை மயங்கினாலும், நெடுநேரம் சிறுநீர் கழியாவிட்டாலும் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

பசித்த வயிறு இந்நோயை அழைக்கும் என்றேன். விடியற்காலை ஷிப்டுக்குச் செல்லும் வீட்டில் அடுப்பு எரிவது அரிது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. அதனைச் சிலர் சலுகை என்பர். இத்தகைய குழந்தைக்கு அது மருந்தாகும். அந்த மணிக்குள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இறுதியாக, என்னைப் போன்ற ஆசிரியர்க்கும் ஒரு சொல். வகுப்பில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால், அதன் தம்பியையோ அதே தெருவிலிருந்து வரும் பிள்ளையையோ அழைத்துத் துடைக்கச் சொல்வது என் இளமையில் நான் கண்ட வழக்கம். நோயின் வேதனை ஒரு நாளில் தீர்ந்தது. அந்த இழிவோ நெடுநாள் இருந்தது. பிள்ளையைப் பள்ளியை விட்டு ஓட்டுவது பெரும்பாலும் இவ்விழிவுதான். வகுப்பில் ஒரு வாளியும் மணலும் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் தூய்மை செய்யட்டும். விடுபட்ட பாடத்தை, குழந்தை திரும்பி வந்த அன்றே எவரேனும் சொல்லிக் கொடுக்கட்டும்.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பில் நோட்டுகளை வழங்கி வருகிறது. இவ்வாண்டு முதல், நோயுள்ள குழந்தையின் வீட்டுக்கு ஒரு நோட்டுக் கூடுதலாக வழங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம் முன்னோருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. நம் கைக்கு வந்துவிட்ட அவ்வெழுத்தால் வேலையும் பெறுவோம். பிள்ளைகளின் உயிரையும் காப்போம்.