பாசம் இருக்கிறது, கையெழுத்து எங்கே?

("படுக்கையில் விழும் முதுமையில் குடும்பச் சொத்தைக் காப்பது பெற்றோரின் முன்னேற்பாடா? பிள்ளைகளின் பாசமா?" என்ற தலைப்பில், 'முன்னேற்பாடே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! கண்ணீரை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அவையோரே! வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "பாசம் இருந்தால் பணம் தானாக வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். மருந்துக் கடையில் போய், "என்னிடம் பாசம் நிறைய இருக்கு, ஒரு டயப்பர் பாக்கெட் கொடுங்க"ன்னு கேட்டால் கொடுப்பானா? (சிரிப்பு)

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தகப்பனார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். 2011-இல் அவருக்கு மறதி நோய். முதலில் கண்ணாடியை மறந்தார். அப்புறம் தெருவை மறந்தார். கடைசியில் என்னை மறந்தார். பகலுக்கு ஓர் ஆள், ராத்திரிக்கு ஓர் ஆள், மருந்து, துணி, படுக்கை என்று மாதாமாதம் செலவு. வங்கியில் அவர் சேமிப்பு ஆறு லட்சம் வைப்புத்தொகையாக இருந்தது. அவர் ஒருவர் பெயரில் மட்டும்! பென்ஷனும் அதே பெயரில்தான் விழுந்தது.

வங்கி மேலாளர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்தார். "கையெழுத்து வராவிட்டால் பரவாயில்லை, சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கிக்கலாம். ஆனால் எதற்கு வைக்கிறோம் என்று சாருக்குப் புரியணும்" என்றார். அப்பாவிடம் குனிந்து, "சார், உங்க பணத்தை உங்க வைத்தியத்துக்கே எடுக்கலாமா?" என்று கேட்டார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த வகுப்புடா? வீட்டுப்பாடம் எங்கே?" (பலத்த சிரிப்பு)

நாங்களும் அன்றைக்குச் சிரித்தோம், நடுவர் அவர்களே. அப்புறம் அடுக்களைக்குள் போய் அழுதோம். மேலாளர் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

பிறகு என்ன நடந்தது? அம்மாவின் நகை அடகுக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கியது. 2014-இல் அப்பா காலமானார். அம்மா நாமினி. கொஞ்ச நாளில் ஆறு லட்சமும் வட்டியோடு கைக்கு வந்தது. அந்தச் செக்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாங்க: "இந்தப் பணம் இத்தனை நாளா எங்கேப்பா இருந்துச்சு?"

எங்கள் வீட்டில் பாசத்துக்குப் பஞ்சமில்லை, ஐயா! பணத்துக்கும் பஞ்சமில்லை! இல்லாமல் போனது ஒரே ஒரு கையெழுத்து! (கைதட்டல்)

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக, 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர். இன்றைக்கு மருத்துவருக்கும் மருந்துக்கும் காப்பீடு இருக்கிறது. 2024 முதல், 70 வயது தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. நல்லதுதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்! வீட்டில் படுத்தால்? பாலிசிப் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். குளிப்பாட்ட, உடை மாற்ற, நடமாட வைக்க ஆகும் செலவு கிடையாது என்று பெரும்பாலானவற்றில் பச்சையாகவே எழுதியிருக்கும். வள்ளுவர் மறக்காத நான்காவது ஆளைக் காப்பீடு மறந்துவிட்டது! (கைதட்டல்) ஆஸ்பத்திரிச் செலவு ஒருநாள் முடியும். இந்தச் செலவுக்கு முடிவு தேதியே கிடையாது. அதுதான் வீட்டைத் தின்கிறது.

"எங்க அப்பா பவர் எழுதிக் கொடுத்திருக்கார்" என்பீர்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தம் தவறினால் அந்தப் பவரும் முடிந்தது. "நாமினி இருக்கே" என்பீர்கள். நாமினியும் உயிலும் மூச்சு நின்ற பிறகுதான் வாயைத் திறக்கும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று அவருக்கே வைத்தியம் பார்க்க, மனைவி நீதிமன்றப் படி ஏறினார். முதலில் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். மேல்முறையீட்டில்தான் அவரைப் பாதுகாவலராக்கி அனுமதி கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்குப் பாசம் இல்லையா, எதிரணியே?

அப்படியானால் என்ன செய்ய? நிதானம் இருக்கும்போதே மூன்று காரியம்.

ஒன்று, வங்கிக் கணக்கைக் கணவன் மனைவி பெயரில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றுங்கள். வைப்புத்தொகையைத் தவணைக்கு முன்பே ஒருவர் கையெழுத்தில் எடுக்கவும் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

இரண்டு, வீட்டை இப்போதே பிள்ளைக்கு எழுதித்தான் ஆகணும் என்றால், ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பிள்ளை பராமரிக்கத் தவறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தையே ரத்துச் செய்யக் கேட்கலாம். ஆனால் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 தொடக்கத்தில் வந்த தீர்ப்பு பெற்றோர் பக்கம் இன்னும் இரக்கமாகப் பார்த்தது. அதற்காக இரக்கத்தை நம்பியா பத்திரம் எழுதுவது?

மூன்று, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். யார் பார்த்துக்கொள்வது, யார் பணம் தருவது என்று முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் உடம்பு உழைப்பெல்லாம் ஒரு மருமகள் தலையில்! மற்றவர்கள் பொங்கலுக்கு வந்து, "அப்பா இளைச்சுட்டாரே"ன்னு கணக்குக் கேட்பார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

சொத்தைக் காப்பது என்றால் வாரிசுக்காகக் காப்பது என்று எதிரணி நினைக்கிறது. இல்லை ஐயா! சம்பாதித்தவருக்கே அது கடைசிவரை சோறும் மருந்தும் ஆகணும். மிச்சம் இருந்தால் பிள்ளைக்கு. பாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசம் கஞ்சியை ஊட்டும். அந்தக் கஞ்சிக்கு அரிசி வாங்க முன்னேற்பாடுதான் வேண்டும்.

என் அம்மா கேட்ட கேள்வியை இன்னொரு தாய் கேட்கக் கூடாது. ஆகவே நடுவர் அவர்களே, குடும்பச் சொத்தைக் காப்பது பெற்றோரின் முன்னேற்பாடே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)