துறந்து தொழில்பெறும் உயிரணுக்கள்



1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். அடுக்கடுக்காகச் சிற்றறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் 'செல்' எனப் பெயரிட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்களே. ஆயினும், உயிர் நீங்கிய பின்னரும் மரத்துக்குக் காவலாக நின்றவை அவை.

ஓர் உயிரணுவிலிருந்தே உடல் முழுவதும் தோன்றுகிறது. பெருகிய அணுக்களுள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே மரபுச் செய்தியை ஏந்துகின்றன. எனினும், ஒவ்வொன்றும் தனக்குரிய பக்கங்களை மட்டும் படித்து, ஏனையவற்றை மூடிவைக்கிறது. தோலும் நரம்பும் வேறுபடுவது இதனாலேயே. சொற்கள் எல்லார்க்கும் பொது. எடுப்பதும் விடுப்பதுமே பாட்டாகின்றன என்பதை அறிந்த கவிஞர்க்கு இது புதிதன்று.

மனித இரத்தச் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியேற்றிவிடுகிறது. அவ்விடத்தையும் ஹீமோகுளோபின் நிரப்புகிறது. இருபுறமும் குழிந்த தட்டாகி, தன்னினும் ஒடுங்கிய நுண்குழாயிலும் நெளிந்து நுழைகிறது. மைட்டோகாண்டிரியாவையும் துறந்ததால், தான் சுமக்கும் ஆக்சிஜனைத் தன் ஆற்றல் தேவைக்கு அது எடுத்துக்கொள்வதில்லை. தன்னைப் புதுப்பிக்கவும் இயலாமல் ஏறத்தாழ 120 நாள்களில் மறைகிறது.

மரத்திலும் இதே கதை. சைலக்குழாய் அணுக்கள் லிக்னினால் தம் சுவரைத் தடித்து, உட்பொருளைக் கரைத்து, குறுக்குச் சுவர்களையும் நீக்கி மடிகின்றன. வேரின் நீர் உச்சியிலைக்கு ஏறுவது இறந்தோர் அமைத்த வழியில்தான். உணவு செல்லும் சல்லடைக்குழாய் அணுவோ உட்கருவை இழந்தும் வாழ்கிறது. ஒட்டியுள்ள துணையணு அதனைப் பேணுகிறது.

இத்துறவுக்கு விலையும் உண்டு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் இழையை நரம்பணு பெற்றிருக்கிறது. ஆனால், முதிர்ந்தபின் அது பொதுவாகப் பிரிந்து பெருகுவதில்லை. தண்டுவடத்தில் அறுந்த இழைகள் மீண்டும் வளர்ந்து இணைவதும் மிக அரிது. விபத்தொன்றில் தண்டுவடம் அறுபட்ட மனிதர் நடையை இழப்பது இதனால்தான்.

எனினும், மூடிய பக்கங்கள் கிழிந்துவிடவில்லை. 1958இல் ஸ்டீவர்ட் கேரட்டின் முதிர்ந்த அணுக்களிலிருந்து முழுச் செடியை வளர்த்துக் காட்டினார். 1962இல் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடலணு உட்கருவை, உட்கரு நீக்கிய தவளை முட்டையில் வைத்தார். அதிலிருந்து புதிய தலைப்பிரட்டை வளர்ந்தது. 2006இல் ஷின்யா யமனகா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோலணுவைத் தொடக்க நிலைக்குத் திருப்பினார். 2012இல் கர்டனும் யமனகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நடையிழந்தோர்க்கு உதவும் ஆய்வுகள் இவ்வழியில் தொடர்கின்றன.

சிவப்பணு, வேர்த்தூவி, சல்லடைக்குழாய், துணையணு ஆகியன பாடநூல்களில் வழங்கும் நல்ல தமிழ்ச் சொற்கள். கவிதைக்குள் அவை அரிதாகவே நுழைந்துள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் அச்சொற்களுக்குக் கதவு திறப்பார்களாக. தன் மையத்தையே துறந்து பிறர்க்கு மூச்சைச் சுமக்கும் அணுவைவிடப் பாடத்தக்க பொருள் வேறென்ன வேண்டும்?

வாழ்க தமிழ்!