வெட்டிய பாட்டு



குறை கூறுதல் எளிது. திருத்தம் கூறுதல் அரிது. ஒரு சான்று சொல்கிறேன்.

டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையை, அமெரிக்காவின் புகழ்பெற்ற மப்பெட் பாவைகளைக் கொண்டு 1992-இல் நகைச்சுவைப் படமாக்கினர். கஞ்சன் ஸ்க்ரூஜாக மைக்கேல் கெய்ன் நடித்தார். பொருளே பெரிதென்று வாழ்ந்த இளம் ஸ்க்ரூஜைப் பிரிகையில், காதலி பெல் ஒரு துயரப் பாட்டுப் பாடுவாள். சிறுவர் பொறுமை இழப்பர் என்று கருதித் திரையரங்குப் படியிலிருந்து அதனை வெட்டிவிட்டனர்.

இறுதி மகிழ்ச்சிப் பாட்டு இத்துயரப் பாட்டிலிருந்தே பிறப்பது. முன்னதை நீக்கினால் பின்னதற்கு வேர் இல்லை. ஆகவே, அதனைச் சேர்க்குமாறு சுவைஞர்கள் பல்லாண்டு வேண்டினர். தொலைந்திருந்த மூலச்சுருள் கிடைத்த செய்தி 2020-இல் வெளிவந்தது. 2022-இல் முழுப்படம் இணையத்தில் வெளியாயிற்று.

நானும் ஒருமுறை பள்ளி நாடகத்தில், மகனைப் பிரிந்த தாய் அழும் காட்சியை நீக்கினேன். "அம்மா அழவேயில்லை என்றால், மகன் திரும்பி வரும்போது நாங்கள் எதற்கு ஐயா மகிழவேண்டும்?" என்றான் ஒரு சிறுவன். வெட்கினேன், காட்சியைச் சேர்த்தேன்.

திருத்தம் சொல்வோர் காரணத்தோடு சொல்லுங்கள். கேட்போர், சொல்பவர் வயதைப் பாராதீர்கள்.