காலின்றி நடக்கும் நுண்ணுயிர்கள்



நடத்தற்குக் கால் வேண்டும். நீந்தற்குத் துடுப்பு வேண்டும். கண்ணுக்குத் தெரியும் உயிர்களைக் கொண்டு மாந்தன் வகுத்த முடிபு இது. ஒரே கண்ணறையால் ஆகிய உயிரிக்கோ எலும்பில்லை, தசையில்லை, நரம்பில்லை. ஆயினும் அஃது இயங்குகின்றது. எங்ஙனம்?

இவ்வியக்கத்தை முதன்முதற் கண்டு எழுதியவர், ஆலந்து நாட்டுத் தெல்ஃப்டு நகரத்துத் துணி வணிகர் இலீவன்கூக்கு. தாமே தேய்த்த கண்ணாடி வில்லை வழியே நீர்த்துளியை நோக்கினார். கண்டவற்றை 1676-இல் இலண்டன் அரசக் கழகத்துக்கு எழுதி விடுத்தார். இலத்தீன் கல்லாத அவர், தம் தாய்மொழியாகிய டச்சிலேயே எழுதினார். கழகம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1677-இல் வெளியிட்டது. 1680-இல் அவரை உறுப்பினராகவும் ஏற்றது.

அமீபா தன் உடற்கூழை முன்னே தள்ளிப் பொய்க்கால் நீட்டும். அதனுள் உடல் முழுதும் வழிந்து செல்லும். பரமீசியமோ, உடலெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான குற்றிழைகளை, காற்றில் அலையும் நெற்பயிர்போல் ஒன்றன்பின் ஒன்றாக அசைத்து நீந்தும்.

இவற்றினும் வியப்பானது பாக்டீரியாவின் இயக்கம். மாந்தக் குடலில் வாழும் எசரிக்கியா கோலியை எடுத்துக்கொள்க. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால், அதன் நீளம் ஏறத்தாழ இரு கூறே. அத்துணைச் சிற்றுடலுக்கு நீரே பாகுபோல் தடுக்கும். துடுப்பை நிறுத்திய பின்னும் படகு சற்றே ஓடும். பாக்டீரியாவோ இழையை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலங்கூட நகராது. விறைத்த துடுப்பொன்றை முன்னும் பின்னும் அசைப்பினும் பயனில்லை. முன்சென்ற அளவே பின்வாங்க நேரும். இதனை எட்வர்டு பர்சல் என்னும் இயற்பியலறிஞர் 1977-இல் தெளிவுற விளக்கினார்.

அவ்வுயிரிக்கு வாய்த்த வழி திருகு. அதன் கசையிழை திருகாணிபோல் முறுகியது. இழையின் அடியில் நுண்பொறி ஒன்று உண்டு. நேர்மின் துகள்கள் உட்பாய, அப்பொறி நொடிக்கு நூறு முறைக்கு மேலும் சுழலும். இழை வீசப்படவில்லை, சுழல்கின்றது என 1973-இல் பெர்கு, ஆண்டர்சன் இருவரும் வாதிட்டனர். மறு ஆண்டில் சில்வர்மன், சைமன் இருவரும் இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தனர். இழை நிற்க, உடல் சுழன்றது! ஐயம் அகன்றது.

இழைகள் இடஞ்சுழியாகச் சுற்றுங்கால் ஒரே கற்றையாகி உடலை நேரே உந்தும். வலஞ்சுழியாக மாறின் கற்றை குலையும். உடல் புரண்டு புதுத்திசை பெறும். ஓட்டம் ஏறத்தாழ ஒரு நொடி. புரள்வு அதில் பத்திலொரு பங்கு. செல்லுந் திசையில் உணவு மிகுமாயின், புரளுதல் குறையும், ஓட்டம் நீளும். மூளையில்லா உயிரி, சற்றுமுன் இருந்த நிலையையும் இப்போதைய நிலையையும் ஒப்பிட்டு வழி தேர்கின்றது!

பொய்க்கால் என்றதும், பொய்க்கால் குதிரை கண்ட தமிழ்ச் சிறுவனுக்குப் பொருள் விளங்கிவிடும். கசையிழையும் குற்றிழையும் அவ்வாறே. மாணவச் செல்வங்களே! குளத்து நீர் ஒரு துளியைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்; கண்டதைக் கண்டவாறே தமிழில் எழுதுங்கள். தெல்ஃப்டு வணிகர் செய்ததும் அதுவே.